நோயின் பெயர் தெரியாதபோது: நாய், பூனை வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரங்களில், செம்பனை ஓரத்துப் பழைய லயன் வீடுகளிலிருந்து புதிய தாமான்கள் (குடியிருப்புப் பகுதிகள்) வரை நாயோ பூனையோ வளர்க்கும் குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்று நோயுற்று, கிளினிக்கில் இரத்தம் எடுத்து, எக்ஸ்ரேவும் பிடித்து, இறுதியில் "தெளிவாக ஒன்றும் தெரியவில்லை" என்ற பதிலோடு வீடு திரும்பியவர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. மருத்துவரிடம் அடுத்த முறை எதைக் கேட்பது, அதுவரை வீட்டில் என்ன செய்வது என்பதே இதன் பொருள்.

எல்லாப் பரிசோதனைகளும் 'நார்மல்' என்று வந்துவிட்டன. ஆனால் நாய் மெலிந்துகொண்டே போகிறது. இது எப்படிச் சாத்தியம்?

எதைத் தேடினோமோ அதைப் பற்றி மட்டுமே பரிசோதனை பதில் சொல்லும். வழக்கமான இரத்தப் பரிசோதனை இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும், கல்லீரல், சிறுநீரகம் தொடர்பான சில அளவுகளையும் காட்டுகிறது. குடல் சுவர், மூட்டு, மூளை, அட்ரினல் சுரப்பி ஆகியவற்றைப் பற்றி அதில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சிறுநீரகக் கோளாறுகூட அதில் தாமதமாகத்தான் தெரியும். ஏறத்தாழ முக்கால் பங்கு செயல்திறன் போன பிறகே, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவு வரம்பைத் தாண்டுகிறது.

அட்ரினல் சுரப்பி போதிய ஹார்மோன் சுரக்காத அடிசன் நோய் இதற்கு நல்ல உதாரணம். நாய் வாந்தி எடுத்துச் சோர்ந்து படுக்கும். கிளினிக்கில் டிரிப் ஏற்றினால் இரண்டொரு நாளில் எழுந்து ஓடும். சில வாரங்கள் கழித்து மறுபடி விழும். இந்நோயில் வழக்கமாகச் சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடும் என்றாலும், சில நாய்களில் அவ்விரண்டும் சரியாகவே இருக்கும். அந்தச் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசோலின் அளவைத் தனியாகச் சோதித்தால்தான் இது பிடிபடும். அந்த அளவு ஒரு டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அடிசன் ஏறக்குறைய இல்லை எனலாம். குறைந்திருந்தால், சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச் ஊசி போட்டு மறுபடி அளக்க வேண்டும். அதுபோலவே, காரணம் தெரியாத காய்ச்சலோடு வரும் நாய்களில் கணிசமானவற்றுக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் அழற்சி இருக்கும். நாய் நொண்டாமலும் இருக்கலாம் என்பதால், மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும்வரை அது வெளிப்படாது.

இன்னொரு வகையும் உண்டு. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் வலிப்பு தொடங்கிய நாய்க்கு எல்லாப் பரிசோதனைகளும் சரியாக வந்து, வலிப்புகளுக்கு இடையில் அது இயல்பாகவும் இருந்தால், 'காரணமறியா வலிப்பு நோய்' என்பதே நோயறிதலாகிவிடுகிறது. அங்கே 'நார்மல்' என்ற முடிவுதான் தேடிய விடை. ஆகவே அச்சொல்லைக் கேட்டவுடன் மகிழவும் வேண்டாம், மனமுடையவும் வேண்டாம். "எவையெல்லாம் இல்லை என்று உறுதியாயிற்று, எவை இன்னும் பார்க்கப்படவில்லை?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் ஓர் எண் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. மருத்துவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அலட்சியமா?

பெரும்பாலும் இல்லை. 'இயல்பான அளவு' என்று அறிக்கையில் அச்சாகும் எல்லை, ஆரோக்கியமான பிராணிகளில் 95 விழுக்காட்டினரை உள்ளடக்குமாறு வகுக்கப்படுகிறது. எஞ்சிய 5 விழுக்காடும் ஆரோக்கியமானவையே. ஒன்றையொன்று சாராத 20 அளவுகளைப் பார்த்தால், நோயே இல்லாத நாய்க்கும் ஏதாவது ஓர் எண் எல்லை தாண்டுவதற்கு ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எல்லையைச் சற்றே தாண்டிய ஒற்றை எண்ணைவிட, மூன்று அறிக்கைகளில் தொடர்ந்து ஒரே திசையில் நகரும் எண் முக்கியமானது. பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

உண்ணிக் காய்ச்சல் சோதனையில் 'இல்லை' என்று வந்தது. மீண்டும் எடுக்கச் சொல்கிறார்களே, வீண் செலவில்லையா?

நம் வட்டாரத்து நாய்களைப் பொறுத்தவரை இந்தச் செலவு பெரும்பாலும் வீண் போவதில்லை.

பழுப்பு நாய் உண்ணி பரப்பும் ஏர்லிக்கியா கிருமி, கடித்த ஓரிரு வாரங்களில் காய்ச்சலையும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் குறைவையும் உண்டாக்கும். பிறகு மருந்தில்லாமலே நாய் தேறியதுபோல் தோன்றும். கிருமி மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில், உள்ளேயே தங்கிவிடும். அப்படித் தங்கியவற்றுள் சில நாய்கள் நாட்பட்ட கட்டத்துக்குப் போய், எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு, மூக்கில் இரத்தம் வடிந்து மெலிகின்றன. கிளினிக்கில் செய்யப்படும் விரைவுச் சோதனை தேடுவது கிருமியை அன்று. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளை. தொற்றிய முதல் சில வாரங்களில் அது உருவாகியிராது என்பதால் விடை 'இல்லை' என வரும். குணமான பின்பும் எதிர்ப்பொருள் நெடுங்காலம் தங்குவதால், பழைய நோய்க்கு இன்று 'ஆம்' என்றும் வரும். பிசிஆர் சோதனை கிருமியின் மரபுப் பொருளையே தேடுகிறது என்றாலும், இரத்தத்தில் கிருமி அருகியிருக்கும் காலத்திலும், டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தொடங்கிவிட்ட பிறகும் அது தவறவிடக்கூடும்.

உண்ணி பரப்பும் மற்றொரு கிருமியான, சிவப்பணுக்களுக்குள் வாழும் பாபீசியாவின் கதை இன்னும் சிக்கலானது. குறிப்பாக பாபீசியா கிப்சோனி என்ற சிறிய வகை, நாட்பட்ட நோயில் மிகச் சில சிவப்பணுக்களில்தான் காணப்படும். காது நுனியிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் அது அகப்படும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அதோடு, ஏர்லிக்கியாவைக் குணப்படுத்தும் டாக்சிசைக்ளின் இந்தக் கிருமியை ஒழிக்காது. அதற்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்ந்த வேறு சிகிச்சை தேவைப்படுகிறது. "மாத்திரை கொடுத்தும் தேறவில்லை, ஆகவே இது உண்ணி நோயே இல்லை" என்று முடிவு கட்டுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இரண்டு கிருமிகளும் ஒரே நாயில் சேர்ந்திருப்பதும் உண்டு.

இன்று உடம்பில் உண்ணி இல்லை என்பதால் எதுவும் நிரூபணமாவதில்லை. வயிறு நிறைந்த உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் இடுக்கில் போய் முட்டையிடும்.

நாங்கள் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டியது எது?

நகரத்து மருத்துவர் கேட்க மறப்பதும் நாம் சொல்ல மறப்பதும் ஒன்றுதான்: எலி மருந்து. செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த மெழுகுக் கட்டிகளாக வைக்கப்படும் மருந்துகளில் பல, இரத்தம் உறைவதைத் தடுப்பவை. நாய் அந்தக் கட்டியையே தின்னலாம். மருந்து தின்ற எலியைத் தின்றதாலும் பாதிக்கப்படலாம். தின்றவுடன் எதுவும் தெரியாது. மூன்றிலிருந்து ஐந்து நாள் கழித்து, இருமல், திடீர் நொண்டல், மூச்சிரைப்பு, வெளிறிய ஈறு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அடையாளங்கள் தோன்றும். நுரையீரலில் இரத்தம் கசிந்தால் இருமல், மூட்டில் கசிந்தால் நொண்டல். தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிதாக எதுவும் புலப்படாமல் போகலாம். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளந்தால்தான் குட்டு வெளிப்படும். வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. வீரியமிக்க எலி மருந்தாயின் அதை வாரக்கணக்கில் கொடுத்து, நிறுத்திய 48 மணி நேரத்துக்குப் பின் மறுபடி சோதிக்க வேண்டும். பெயர் தெரியாத நோய்கள் என்று நாம் அழுது புலம்பும் சிலவற்றுக்கு இவ்வளவு நேரடியான விடை இருக்கும்போது, மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) போய் எந்தக் கட்டி, எந்தப் பகுதியில், எந்த வாரம் வைக்கப்பட்டது என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புல் மருந்தைப் பற்றியும் சொல்லுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் கொட்டகை மூலையில் பழைய போத்தல் எதுவும் கிடக்கிறதா என்று பாருங்கள். அது நுரையீரலைச் சிதைக்கப் பல நாள்கள் எடுத்துக்கொள்வதால், முதல் நாள் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கக்கூடும். எந்த மருந்தானாலும் போத்தல் லேபிளைப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள்.

மழை வெள்ளம், எலி நடமாட்டமுள்ள வாய்க்கால், நாய் அங்கே நீர் குடிக்கும் பழக்கம் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கு முதல் வாரத்தில் எடுக்கும் எதிர்ப்பொருள் சோதனை 'இல்லை' என்றே வரக்கூடும். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து எடுக்கும் இரண்டாம் மாதிரியோடு ஒப்பிட்டால்தான் முடிவு தெளிவாகும்.

பூனைக்கு எஃப்ஐபி (பூனைகளின் தொற்று வயிற்றுறை அழற்சி) 'இருக்கலாம்' என்கிறார் மருத்துவர். 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று சொல்லக்கூடாதா?

அவர் நேர்மையாகப் பேசுகிறார். இந்நோயை உண்டாக்குவது பூனைகளிடையே மிகப் பரவலான ஒரு கொரோனா வைரஸின் உருமாற்றம். எனவே அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இருப்பது எதையும் உறுதிப்படுத்தாது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் அந்த நீரைச் சோதித்து ஓரளவு நெருங்கலாம். நீர் கோக்காத வகையில் வயது, விடாத காய்ச்சல், இரத்தப் புரதங்களில் அல்புமின் குறைந்து குளோபுலின் கூடிய விகிதம், கண்ணில் அழற்சி என்று பல துண்டுகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. முன்பு இது மரண தண்டனையாகவே கருதப்பட்டது. ஜிஎஸ்-441524 என்ற மருந்து பற்றிய ஆய்வுகள் 2019ஆம் ஆண்டு முதல் அந்நிலையை மாற்றிவிட்டதால், இப்போது 'இருக்கலாம்' என்ற அளவிலேயே சிகிச்சையைத் தொடங்கி, சில நாள்களில் காய்ச்சல் இறங்குகிறதா என்று பார்ப்பதும் ஒரு வழி.

ஊசியால் எடுத்த மாதிரி 'போதவில்லை' என்று வந்தது. கட்டி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஊசி நுனியில் வந்த அணுக்கள் முடிவு சொல்லப் போதவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பது குருட்டாம்போக்கு அல்லவா?

மூன்று கேள்விகளுக்குப் பதில் இருந்தால் குருட்டாம்போக்கு அன்று. எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறோம்? எத்தனை நாளுக்குள்? அது நிகழாவிட்டால் அடுத்து என்ன? இவற்றுக்குப் பதில் சொல்லித் தொடங்கும் மருந்து, தானே ஒரு பரிசோதனையாகிவிடுகிறது. நாட்பட்ட வயிற்றுப்போக்குள்ள நாய்க்கு உணவை மட்டும் மாற்றிப் பார்ப்பது இவ்வகையில் மலிவானதும் பயனுள்ளதுமாகும். உணவால் தேறும் நாய்களில் பெரும்பாலானவை இரண்டு வாரத்துக்குள் தேறத் தொடங்கிவிடும். அந்த இரண்டு வாரமும் பக்கத்து வீட்டு ஆயா போடும் கோழி எலும்பைத் தடுப்பதுதான் சிகிச்சையின் கடினமான பகுதி.

ஸ்டீராய்டு விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். எந்த நோயிலும் அது பசியைத் தூண்டி, நாய் தேறிவிட்டதுபோல் காட்டும். உள்ளே லிம்போமா என்ற புற்றுநோய் இருந்தால், அதைக் கண்டறிவதையும் பிற்பாடு கீமோதெரபி பலனளிப்பதையும் அது கடினமாக்கிவிடும். கிருமிக்கொல்லி மருந்தும் அதற்குப் பின் எடுக்கும் கிருமி வளர்ப்புச் சோதனையைப் பயனற்றதாக்கலாம். "இந்த மருந்து பின்னால் எந்தப் பரிசோதனையைக் கெடுக்கும்? அதற்கான மாதிரியை இப்போதே எடுத்து வைக்கலாமா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள். கிளினிக்கில் மருத்துவர் உங்கள் நாயைப் பார்ப்பது சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். ஒரே தராசில் வாரம் ஒருமுறை எடை. உண்ட உணவின் அளவு. வாந்தி, மலம், சிறுநீர். ஆசனவாயில் வைத்து எடுக்கும் வெப்பநிலை. நாய்க்கு இது இயல்பாக 38.3 முதல் 39.2 செல்சியஸ் வரை இருக்கும் என்பதால், மனிதக் கணக்கில் பார்த்துப் பயப்பட வேண்டாம். தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும் எண்ணுங்கள். நாய்க்கும் பூனைக்கும் 30க்கு மேல் தொடர்ந்து போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நடுக்கம், விழுதல், வினோதமான இருமல் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். கிளினிக் வாசலை மிதித்ததும் பிராணிகள் அடையாளங்களை மறைத்துவிடும்.

நாள்தோறும் நூறு முறை ஈறைத் திறந்து பார்ப்பது கண்காணிப்பு ஆகாது. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை எழுதினால் போதும். இடைப்பட்ட நேரத்தில் அதுவும் நாயாக இருக்கட்டும்.

எந்த நிலையில் காத்திருக்கவே கூடாது?

ஈறு வெளுத்தல் அல்லது மஞ்சளித்தல், வாய் திறந்து மூச்சுவிடும் பூனை, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரித்தல், சிறுநீர் போக முக்கும் ஆண் பூனை. கடைசியாகச் சொன்னது ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும். பூனை இரண்டு நாளாக எதுவும் உண்ணாமல் இருந்தால், மூல நோய் எதுவானாலும், கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்து தொடங்கிவிடுகிறது. சீனப் பெருநாள், தீபாவளி வாரங்களில் பல கிளினிக்குகள் மூடியிருக்கும். ஈப்போவில் எது திறந்திருக்கும், நாயை ஏற்றிச் செல்ல யாருடைய கார் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

காய்ச்சலுக்குப் பனடோல் (பாராசிட்டமால்) கொடுக்கலாமா? வேப்பிலை, திருநீறு?

பனடோல் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே கொல்லக்கூடும். வலி மாத்திரையான ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். முனியாண்டி கோயில் திருநீற்றை நெற்றியில் பூசுவதால் நாய்க்குக் கெடுதல் இல்லை. பூசுபவரின் மனத்துக்கும் அது நல்லது. வாய்வழியாகக் கொடுக்கும் கஷாயம் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கல்லீரல் அளவு கூடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

செர்டாங் வரை கொண்டுபோக வேண்டுமா? பணத்துக்கு எங்கே போவது?

செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை, மற்ற கிளினிக்குகள் அனுப்பும் சிக்கலான நோயாளிகளையும் பார்க்கிறது. போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அங்கே செய்யப்போகும் பரிசோதனையின் முடிவு, நாம் செய்யப்போவதை மாற்றுமா? 'ஆம்' என்று வந்தாலும் 'இல்லை' என்று வந்தாலும் அதே மாத்திரையைத்தான் கொடுக்கப்போகிறோம் என்றால், அந்தப் பரிசோதனை நம் ஆவலைத் தீர்க்கும், நாயின் நோயைத் தீர்க்காது. அறுவைச் சிகிச்சை தேவையா என்பதே அதைப் பொறுத்திருக்கிறது என்றால் போகத்தான் வேண்டும்.

குடும்பத்தில் உட்கார்ந்து ஓர் எல்லைத் தொகையைப் பேசி முடிவு செய்துவிட்டு, அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "எங்களிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதில் எதை முதலில் செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு நல்ல மருத்துவர் முகம் சுளிக்கமாட்டார். சம்பள நாளுக்கு முந்தைய இரவில், அழுகையோடு முகப்பில் நின்று எடுக்கும் முடிவைவிட இது மேல். அரசாங்கக் கால்நடை மருத்துவ நிலையங்களில் கட்டணம் பொதுவாகக் குறைவு; வசதிகளும் அதற்கேற்ப இருக்கும்.

வேறு மருத்துவரிடம் போனால் பழையவர் கோபித்துக்கொள்வாரா?

கோபித்தாலும் போகலாம். எல்லா அறிக்கைகளையும், கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, தேதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார். மூன்று மாதத்தில் நான்கு மருத்துவரை மாற்றினால், நோயின் போக்கை முழுதாகப் பார்த்தவர் யாரும் இருக்கமாட்டார் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொற்றுமா?

நோய் தெரியும்வரை லெப்டோஸ்பைரோசிஸ் இருக்கலாம் என்ற எண்ணத்தோடே நடந்துகொள்ளுங்கள். சிறுநீரைக் கையுறை அணிந்து கழுவி, பிளீச் தெளியுங்கள். பிள்ளைகள் அந்த இடத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், நாயின் நோயையும் மனித மருத்துவரிடம் சொல்லுங்கள். நாயின் சுபாவம் திடீரென்று மாறி, எச்சில் வடிந்து, கடிக்கவும் செய்தால் காத்திருக்காதீர்கள்: காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குச் சென்று, கால்நடைச் சேவைத் துறைக்கும் தெரிவியுங்கள். வெறிநாய்க்கடி நோய் 2015இல் தீபகற்ப மலேசியாவின் வடமாநிலங்களில் தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் தொடர்கிறது.

"ஒரு நாய்க்காக இவ்வளவா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கும் தூக்கம் போய்விட்டது.

நோய்க்குப் பெயர் இருந்தால் உறவினர்களும் ஆறுதல் சொல்லத் தெரிந்துகொள்கிறார்கள். பெயரில்லாத நோய்க்கு அவர்களிடம் வார்த்தை இல்லை, ஆகவே கேலியாகப் பேசுகிறார்கள். எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவரையாவது மருந்து கொடுக்கப் பழக்கி, ஓரிரவு அவரிடம் பொறுப்பை விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

நள்ளிரவில் கைப்பேசியில் நோய் அடையாளங்களைத் தேடுவதை நிறுத்திவிடுவது நல்லது என்பது என் கருத்து. சோர்வு, பசியின்மை, மெலிவு ஆகிய மூன்று அடையாளங்களும் ஏறத்தாழ எல்லா நோய்க்கும் பொருந்தும். தேடுபவருக்கு மிஞ்சுவது பயம்தான். தோன்றும் சந்தேகத்தை நோட்டில் எழுதி, அடுத்த சந்திப்பில் கேளுங்கள்.

காரணமே தெரியாமல் கருணை ஊசிக்குச் சம்மதிப்பது பாவமில்லையா?

அந்த முடிவு நோயின் பெயரைப் பொறுத்ததன்று, படும் துன்பத்தைப் பொறுத்தது. தானாக உண்கிறதா, எழுந்து போய்ச் சிறுநீர் கழிக்கிறதா, வலி மருந்துக்கு அடங்குகிறதா, கேட் சத்தம் கேட்டால் தலை தூக்குகிறதா என்று பாருங்கள். நாள்காட்டியில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வந்தால், கெட்ட நாள்கள் மிகுந்துபோவதை உங்கள் கண்ணே காட்டிவிடும். இன்னொரு பரிசோதனை செய்திருக்கலாமோ என்ற எண்ணம் எப்படியும் வரும். எல்லாம் செய்தவர்களுக்கும் வருகிறது.

இறந்த பிறகு காரணம் அறிய முடியுமா? வேறு நாய் எப்போது வளர்க்கலாம்?

பிரேதப் பரிசோதனை செய்யலாம். வீட்டில் மற்ற பிராணிகள் இருந்தால் அது பெரிதும் உதவும். உடலை உறைய வைக்காமல், ஐஸ் கட்டிகளுக்கிடையே குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். எங்கே அனுப்புவது என்பதை உங்கள் மருத்துவரையே கேட்டு, முன்கூட்டியே தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். அதிலும் சில வேளை விடை கிடைக்காமல் போகலாம்.

அடுத்த நாயைப் பற்றி: குட்டிகளுக்குக் கடும் வாந்திபேதியை உண்டாக்கும் பார்வோ வைரஸ் சந்தேகம் இருந்தால், அது மண்ணில் ஓராண்டு வரைகூடத் தங்கும் என்பதால், தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டியைக் கொண்டுவராதீர்கள். சிமெண்டுத் தரையை ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவலாம். உண்ணி நோய் சந்தேகமானால் தரையைவிடச் சுவரைக் கவனியுங்கள். வளர்ந்த பழுப்பு நாய் உண்ணி இரத்தம் குடிக்காமலே ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும்; பழைய லயன் வீடுகளின் பலகை இடுக்குகளையும் நாய்க் கூண்டின் மூலைகளையும் மருந்தடித்து அடைத்த பிறகே அடுத்ததைக் கொண்டுவாருங்கள். வந்த நாளிலிருந்தே அதற்கு உண்ணித் தடுப்பு மருந்தையும் மாதந்தவறாமல் கொடுங்கள்.